சல்லடையில் தங்கிய கடலை

ஜூன் 3

அம்மாவுக்கு,

ஃபோன் செய்தால் "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் முடித்து வைத்துவிடுகிறீர்கள். அந்த ஒரு சொல்லும் எங்கோ குகைக்குள்ளிருந்து வருவது போல் கொழகொழவென்று கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீங்கள் பாதியில் வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் சித்தி பேசினார். "உங்கம்மா பாதியா போயிட்டாடி. போட்டிருக்கிற துணியெல்லாம் தொளதொளன்னு தொங்குது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தச்சவ, தன் துணிய ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்க மாட்டேங்குறா" என்றார். யாராவது இருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுகிறீர்களாம். நீங்கள் சாப்பிட்டு யாரும் பார்க்கவில்லையாம்.

அப்பா போனதிலிருந்து நமக்குள் சரியில்லை. ஏன் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை இப்போது கிளற வரவில்லை.

விஷயம் இதுதான். உங்கள் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை நடக்கிறது. பல் செட் போட்டவர்களால் உணவை எவ்வளவு நன்றாக மெல்ல முடிகிறது என்று பார்க்கிறார்கள். மேல் செட், கீழ் செட் இரண்டும் போட்ட ஆட்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். உங்களைச் சேர்த்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை காலை போக வேண்டும். வலி, ஊசி எதுவும் கிடையாது. அவர்கள் கொடுப்பதை மெல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் பல் கட்ட அழைத்துப் போனவள் நான்தான். ஒரே மாதிரி இரண்டு நீல டப்பாவோடு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தப் பல் உங்களுக்கு உதவவில்லை என்றால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மகள்


ஜூன் 11

அருமை மகளுக்கு அம்மா எழுதுவது.

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? உன் ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் வரிசையில் என்னையும் உட்கார வைத்துவிட்டாயா?

உன் சித்தி சொன்னதைக் கேட்டு என்னை எடை போடாதே. அவளுக்கு யாரைப் பார்த்தாலும் இளைத்த மாதிரிதான் இருக்கும், அவள் உடம்பு அப்படி. துணி தொளதொளவென்று இருந்தால் காற்றோட்டமாக இருக்கிறது, தெரிந்துதான் போடுகிறேன். நான் நன்றாகவே சாப்பிடுகிறேன். கடிக்கிறேன், மெல்லுகிறேன், விழுங்குகிறேன். இன்னும் என்ன வேண்டும்?

திங்கட்கிழமை நான் போகவில்லை. என்னைக் கேட்காமல் என்னைச் சேர்த்துவிட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நான்கு பேர் முன்னால் வாயைத் திறந்து காட்டுகிற வயதா எனக்கு? உங்கப்பா இருந்தால் போயிருப்பார். பஸ் ஓட்டும்போதே பின்னால் திரும்பி முப்பத்திரண்டும் தெரிய ஊரையே சிரிக்க வைத்தவர். சோதனை செய்கிற டாக்டரையும் சிரிக்க வைத்துவிட்டு, மெல்லக் கொடுத்ததில் வீட்டுக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்திருப்பார்.

வாசல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஆள் வந்து சரிசெய்துவிட்டான். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

அம்மா


ஜூன் 19

அம்மாவுக்கு,

கிளற வரவில்லை என்று எழுதினேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அடக்க முடியவில்லை. அப்பாவின் சிரிப்பைப் பற்றி எனக்கு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

செய்தி கிடைத்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டே வந்தேன். நான் வரும்போது அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாய் உள்ளே போய், கன்னம் ஒட்டி, யாரோ ஒரு கிழவர் மாதிரி கிடந்தார். பல் இல்லாமல் பால் வாங்கக்கூட வாசல் தாண்டாத மனிதர். நான் படங்களில் முகங்களைச் சரிசெய்து பிழைக்கிறவள். அழுதுகொண்டே குளியலறைக்குப் போய், கண்ணாடிக்குக் கீழே பலகையில் இடது பக்கம் இருந்த நீல டப்பாவை எடுத்து வந்தேன். இடது பக்கம் அப்பாவுடையது, வலது பக்கம் உங்களுடையது. இத்தனை வருடமாக அப்படித்தான். அவருக்குப் பல்லை வைத்தேன். தலை சீவினேன். கடைசியாக ஒரு முறை அவர் அவராக இருக்கட்டும் என்றுதான்.

நீங்கள் வந்தீர்கள். குனிந்து பார்த்தீர்கள். உடனே துணியை இழுத்து முகத்தை மூடி, "போதும், கைய எடுடி. யாரும் பாக்க வேண்டாம்" என்று கத்தினீர்கள். கூடம் முழுக்க ஆட்கள். நான் ஏதோ அசிங்கம் செய்துவிட்ட மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்க யாரையுமே விடவில்லை, என்னையும் சேர்த்து.

நான் ஏன் அன்று சாயங்காலமே கிளம்பினேன் என்று சித்தி இன்றைக்கும் கேட்கிறார். உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒரு தாய்தான் பாக்கி. அவரும் கரைந்துபோவதைக் கேட்டுக்கொண்டு நான் இங்கே இருக்க முடியாது. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், நீங்கள் அந்தச் சோதனைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நானே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவேன்.

மகள்


ஜூலை 6

மகளுக்கு,

போனேன். நீ வந்து இழுத்துப் போவதற்குப் பதில் நானே போவது மரியாதை என்று போனேன்.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு இப்போது பதில் எழுதவில்லை. படித்தேன் என்று மட்டும் தெரிந்துகொள்.

பல் காலேஜ் நாம் நினைப்பது போல் இல்லை. நீளமான அறை, இருபுறமும் ஜன்னல், எங்கு பார்த்தாலும் பிளாஸ்டர் பல். என்னைச் சோதித்தவள் உன்னைவிடச் சின்னவள். வெள்ளைக் கோட்டின் தோள்பட்டைத் தையல் ஒரு அங்குலம் கீழே இறங்கியிருந்தது. கழற்றிக் கொடு, பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்று வாய் வரை வந்தது. அவளுக்கு நான் சல்லடை டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேள்.

முதலில் கேள்வி. "பச்சைக் காரட் கடிப்பீங்களாம்மா?" கடிப்பேன். "பழம் முழுசா கடிப்பீங்களா?" கடிப்பேன். "இறைச்சி?" மெல்லுவேன். "கொட்டை, பருப்பு?" ஏன் மாட்டேன்? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டேன். அவளும் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு சூயிங்கம் கொடுத்தாள். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸ். அவள் எண்ண எண்ண நான் மெல்ல வேண்டும், நிறுத்தச் சொன்னதும் துப்ப வேண்டும். நன்றாக மென்றால் இரண்டு நிறமும் கலந்து ஊதாவாகிவிடுமாம். அதை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து அப்பளமாக அழுத்தி, எவ்வளவு கலந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். என்னுடையதைத் துப்பினேன். நீலம் நீலமாகவே இருந்தது, ரோஸ் ரோஸாகவே இருந்தது. பக்கத்து வீட்டுச் சண்டைக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றன.

அப்புறம் வறுத்த வேர்க்கடலை. மென்று, விழுங்காமல் ஒரு கிண்ணத்தில் துப்ப வேண்டும். சாப்பாட்டைத் துப்பாதே என்று உன் முதுகில் எத்தனை போட்டிருக்கிறேன்! இங்கே படித்தவர்கள் உட்கார வைத்துத் துப்பச் சொல்கிறார்கள். துப்பியதைத் தண்ணீர் விட்டுச் சல்லடையில் அலசுகிறாள். ஒன்றின் கீழ் ஒன்றாக, கண் பெரியது மேலே, சின்னது கீழே. பொடியானது எல்லாம் கீழே இறங்கிவிடும். மேலே தங்குவது மெல்லாதது.

எனக்கு மேல் சல்லடையிலேயே தங்கிவிட்டது. சிலது முழுசாகவே கிடந்தது, தோல்கூட உரியாமல். அவள் என் பதில் எழுதிய தாளைப் பார்த்தாள், சல்லடையைப் பார்த்தாள். "வாயால சொன்னதுக்கும் வாய் செஞ்சதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது.

செட்டைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் எப்படிக் கழற்றுவது? "அடுத்த தடவை தனியா பாக்கலாம்மா, செட் ரொம்ப ஆடுது" என்றாள்.

உடம்பு இளைத்தால் ஈறும் சுருங்குமாம், அதனால் ஆடுகிறது, வேறொன்றும் இல்லை. நீ பதறாதே.

அம்மா


ஜூலை 15

அம்மா,

முழுக் கடலை சல்லடையில் கிடந்தது என்று எழுதிவிட்டு, பதறாதே என்கிறாய். எப்படியம்மா? அப்படியானால் இத்தனை மாதமாக நீ என்னத்தைத் தின்றுகொண்டிருக்கிறாய்? மெல்லாமல் விழுங்குகிறாயா, இல்லை விழுங்குவதே இல்லையா?

சித்தியைக் கேட்டேன். பாலில் ரொட்டியை ஊறப்போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறாயாம். சமையலறைக் குப்பைக்கூடையைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் கொடுத்தனுப்புகிற சாப்பாடெல்லாம் கீழ்வீட்டு நாய்க்குப் போகிறதாம். நாய் மட்டும் நன்றாகக் கொழுத்திருக்கிறதாம்.

ஈறு சுருங்கினால் கொஞ்சம் ஆடும், தெரியும். இந்த அளவுக்கா? நான் நேராக, உங்கள் இருவருக்கும் செட் செய்து கொடுத்த பல் செட்காரருக்கு ஃபோன் செய்தேன். இதற்கு வாயே திறக்க மாட்டார் என்று பார்த்தால், மனிதர் என்னிடமே எகிறுகிறார். "உங்கம்மா செட்டை நான் மறப்பனாம்மா? முன்பல்லு ஒன்னு கோணலா இருந்துச்சு, அதே மாதிரி கோணலா வச்சுக் குடுன்னு கேட்ட ஒரே ஆளு அவங்கதான். கச்சிதமா உக்காந்துச்சு. கடலையென்ன, கல்லையே கடிக்கலாம். கொண்டு வரச் சொல்லுங்க, பாக்கறேன்" என்றார்.

கல்லைக் கடிக்கலாமாம்! என் அம்மா ரொட்டியைக் கரைத்துக் குடிக்கிறாள், இவர் கல்லைப் பற்றிப் பேசுகிறார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு விடவில்லை. அவருக்கு வேலை அனுப்புகிற டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். வயதானவர்கள் வாயில் விளையாடுகிற ஆளுக்கு இனி வேலை கொடுக்காதீர்கள் என்றேன். விசாரிக்கிறேன் என்றார்.

நீ அந்த செட்டை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போ. அவர் முகத்துக்கு நேராக மேஜைமேல் வை. சித்தியைத் துணைக்கு அழைத்துப் போ.

மகள்


ஜூலை 22

மகளுக்கு,

பல் செட்காரரை விட்டுவிடு. அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது. டாக்டரிடம் சொன்னதை இன்றைக்கே திருப்பிச் சொல். இந்த ஒரு காரியத்தில் என் பேச்சைக் கேள்.

அம்மா


ஜூலை 29

அம்மா,

இரண்டு வரிக் கடிதம். காரணம் இல்லை, விளக்கம் இல்லை. கூடத்தில் துணியை இழுத்து மூடினாயே, அதே மாதிரி.

டாக்டர் அவருக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டாராம். பல் செட்காரரின் மனைவி எனக்கு ஃபோன் செய்து அழுதார். "இத்தனை வருஷத்துல ஒருத்தர் குறை சொன்னதில்லம்மா" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என் அம்மா பட்டினி கிடப்பது அதைவிடக் கஷ்டம். தப்பு அவர்மேல் இல்லையென்றால் யார்மேல்? சொல், கேட்கிறேன். சொல்லாவிட்டால் நான் எதையும் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

எனக்கு ஒன்று மட்டும் புரிகிறது. நீ எதையோ மறைக்கிறாய். உனக்கு வேறு ஏதாவது நோயா? வாயில் ஏதாவது கட்டியா? இல்லை, அப்பா போன பிறகு உனக்குச் சாப்பிட்டு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லையென்றால் அதையாவது சொல். நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது உன் கணக்கிலேயே இல்லையா?

ஸ்டுடியோவில் நேற்று ஒரு வயதான அம்மாள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். வாயை மூடுங்கள் என்றால் மூட முடியவில்லை, செட் பெரியது. கடைசியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பொக்கை வாயை மூடி உட்கார்ந்தார். படம் எடுக்காமல் உள்ளே போய் அழுதேன். முதலாளி தலைவலியா என்று கேட்டார்.

பதில் எழுது.

மகள்


ஆகஸ்ட் 7

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. கடையில் பிரிக்காதே, வீட்டுக்குப் போய்ப் படி.

உனக்கு இது தெரியவே கூடாது என்றுதான் இருந்தேன். என்னோடு போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பாவமும் அறியாத மனிதருக்கு வேலை போகிறது. அவர் மனைவி அழுதார் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் எனக்குத் தூக்கம் இல்லை.

நான் போட்டிருப்பது என் பல் இல்லை. உங்கப்பாவுடையது.

அன்று காலையில் ஆட்கள் வர ஆரம்பித்ததும் உன் சித்தி குளியலறையைத் துடைத்துச் சுத்தம் செய்தாள். பலகையில் இருந்ததையெல்லாம் எடுத்துத் துடைத்துத் திருப்பி வைத்தாள். டப்பா இரண்டும் இடம் மாறிவிட்டது. அவளுக்கு இடது வலது என்ன தெரியும்? அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே நான் பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய். இடது பக்க டப்பாவை எடுத்தாய். என் பல்லை அவருக்கு வைத்துவிட்டாய்.

நான் குனிந்து பார்த்தேன். உதடு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அந்தக் கோணல் முன்பல். அது கண்ணில் பட்டதுமே தெரிந்துவிட்டது. அவர் முகத்துக்கு அது சின்னது. வாய் ஒரு மாதிரி குவிந்து, எதையோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. உன் சித்தி பக்கத்தில் நிற்கிறாள், அவள் கண் பட்டால் போதும், "ஐயோ இது உன் பல்லாச்சே" என்று கூடமே அதிரக் கத்தியிருப்பாள். அதற்கு முன்னால் மூடிவிட்டேன். உன்மேல் கோபத்தில் கத்தவில்லையடி. பயத்தில் கத்தினேன்.

எடுத்து மாற்றி வைத்திருக்கலாமே என்று கேட்பாய். அத்தனை பேர் முன்னால் அவர் வாயைத் திறந்து, நீ ஆசையாக வைத்ததை நான் பிடுங்கவா? அப்பாவை நினைக்கும்போதெல்லாம் உனக்கு அந்தக் காட்சிதானே வந்து நிற்கும்? நீ தலை சீவிவிட்ட முகம்தான் உனக்கு மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ என்னை வெறுத்துக்கொண்டு பஸ் ஏறினாய். போகட்டும், என்னைத்தானே வெறுக்கிறாள், தன்னை வெறுக்கவில்லையே என்று பேசாமல் நின்றேன்.

எல்லாரும் போன பிறகு மற்ற டப்பாவைத் திறந்தேன். பெரிய பெரிய பல். அவருடையது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் பல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே மனுஷன், போகிற வழியில் எதைக் கடித்துத் தின்ன இவ்வளவு அவசரம் என்று அவர் படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

புதுப்பல் கட்டப் போனால், பழையது எங்கே என்று பல் செட்காரர் கேட்பார். எங்களை அழைத்துப் போனவள் நீ, முதலில் உனக்குத்தான் ஃபோன் செய்வார், மறுநாளே உனக்குத் தெரிந்துவிடும். அதனால் அதையே மாட்டிப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது. நான் தையல்காரிதானே, அளவு பெரிதாக இருந்தால் பிடித்துத் தைக்கத் தெரியாதா? உள்ளே மெல்லிய ஃபிளானல் துணியை வெட்டி லைனிங் கொடுத்துப் பசையைத் தடவினேன். வாயில் நின்றது. பேசினால் மட்டும் நழுவும், அதனால்தான் ஃபோனை வைத்துவிடுவேன். மெல்ல வராது. ரொட்டி எனக்குப் போதுமாக இருந்தது.

சல்லடை டாக்டரிடம் மறுபடி போனேன். தனி அறையில் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். லைனிங் துணியைப் பார்த்துவிட்டாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இது உங்க வாய்க்கு எடுத்த அளவே இல்லையே. யாரோடது?" என்றாள். நான் சொன்னேன். அவள் துணியை எடுக்காமல் செட்டை அப்படியே கழுவி என் கையில் கொடுத்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னைக் காப்பாற்றத்தான் இத்தனை நாள் இதைப் போட்டிருந்தேன் என்று முழுப்பழியையும் உன்மேல் போட முடியாது. முதல் முறை மாட்டிக்கொண்டு, சரியாக நிற்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து வாயை இளித்தேன். அவர் சிரித்தார். உதடு மேலே ஏறி, கன்னம் இரண்டு பக்கமும் தள்ளி, அச்சு அசல் அவர் சிரிப்பு. என் கண்ணுக்குக் கீழே அவர் வாய். வீட்டில் மாட்டியிருக்கிற படம் நீ அவர் லைசென்ஸிலிருந்து பெரிதாக்கியது. அதில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கடன்காரன் மாதிரி இருக்கிறார். கண்ணாடியில்தான் அவர் இருந்தார். தினமும் காலையில் ஒரு தடவை சிரித்துவிட்டுப் பிறகுதான் கதவைத் திறப்பேன். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் அவர் இன்னொரு முறை போன மாதிரி ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் பட்டினி கிடந்தேன்.

இப்போது பல் செட்காரருக்கு ஃபோன் செய். முதலில் அதைச் செய். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்.

அம்மா


ஆகஸ்ட் 21

அம்மா,

பல் செட்காரரிடம் பேசிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். டாக்டரிடமும் பேசினேன், வேலை திரும்ப வருகிறதாம். என்ன நடந்தது என்று பல் செட்காரர் கேட்டார். தப்பு என்னுடையது, அம்மாவுக்குப் புதுப்பல் கட்ட வேண்டும், ஈறு புண்ணாகியிருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. "உங்கம்மா ஈறு ஆறினதும் அனுப்பி வைங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு இத்தனை நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. இதையாவது அனுப்புகிறேன்.

முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். கண்ணுக்குக் கீழே இருக்கிற நிழலைக்கூடச் சரிசெய்வேன். என் அப்பா வாயில் என் அம்மா பல் இருந்தது எனக்குத் தெரியவில்லை. என் கையால் வைத்தேன், தெரியவில்லை. நீ சொன்னது நடந்துவிட்டது, இப்போது அந்த முகம்தான் வந்து நிற்கிறது. ஆனால் அதோடு, துணியை இழுத்து மூடிய உன் கையும் வருகிறது. அந்தக் கையை இத்தனை மாதம் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்! நீ அங்கே ரொட்டியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாய், நான் இங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உன்மேல் கோபமாக இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா? உன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாயே.

உன் கடிதத்தைப் படித்த பிறகு என்னிடம் இருக்கிற அப்பா படங்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். லைசென்ஸ், அடையாள அட்டை, ஓய்வு பெற்றபோது எடுத்தது. எல்லாம் நான் எடுத்தது, நான் திருத்தியது. எல்லாவற்றிலும் வாய் மூடியிருக்கிறது. "சிரிக்காதீங்கப்பா, படம் செல்லாது" என்று ஒவ்வொரு முறையும் நானே சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றில்கூட சிரிக்கவில்லை. எனக்கு அவர் சிரிப்பு எப்படி இருக்கும் என்று மறந்துகொண்டு வருகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

புதுப்பல் கட்டிக்கொள். நன்றாகச் சாப்பிடு. உன்னையும் தூக்கிக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அப்பாவுடையதைத் தூக்கிப் போடாதே. எனக்கு விடுமுறை கிடைத்ததும் வருகிறேன். வரும்போது ஒரே ஒரு தடவை அதை மாட்டிக்கொண்டு எனக்குச் சிரித்துக் காட்டு.

உன் மகள்


அக்டோபர் 2

என் கண்ணுக்கு,

புதுப்பல் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நான் கேட்கவே இல்லை, பல் செட்காரர் தானாகவே முன்பல்லைக் கோணலாக வைத்திருந்தார். பழையது என்னவாயிற்று என்று கடைசி வரை அவர் கேட்கவில்லை. அவர் மனைவி டீ கொடுத்தார். அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

நேற்று சல்லடை டாக்டரிடம் போனேன். கடலை முழுக்கக் கீழே இறங்கிவிட்டது. சூயிங்கம் ஊதாவாக வந்தது, நீலம் எங்கே, ரோஸ் எங்கே என்று தேட வேண்டும். அவள் கை தட்டினாள். அவள் கோட்டைக் கழற்றி வாங்கித் தோள்பட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். உன் சித்தி அனுப்பும் சாப்பாட்டை இப்போது நானே தின்கிறேன். நாய் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

உங்கப்பாவுடையது டப்பாவில் இருக்கிறது, இடது பக்கம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புதுப்பல்லுக்கு ஈறு பழகிவிட்டது. அவருடையதை மாட்டினால் வலிக்கிறது, முன்போல் வாயில் நிற்பதும் இல்லை. நேற்றுக் காலையில் கண்ணாடி முன்னால் நின்றேன். பாதிச் சிரிப்புத்தான் வந்தது, அதற்குள் நழுவிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அதுவும் வராது என்று நினைக்கிறேன். விடுமுறைக்காகக் காத்திருக்காதே. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வா.

லைனிங் துணியை மாற்றிப் புதிதாக வைத்திருக்கிறேன். பசையும் வாங்கிவிட்டேன். கேமரா கொண்டுவராதே, என் முகத்தில் அதைப் படம் பிடித்தால் நன்றாக இருக்காது. நீ பார்த்தால் போதும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வந்து கதவைத் தட்டு. திறந்ததும் வா என்று கூப்பிடவில்லையே என்று நினைக்காதே. அதை மாட்டிக்கொண்டு எனக்குப் பேச வராது, சிரிக்கத்தான் வரும்.

அம்மா